பாய்ச்சீலைக் கூரை

புளியந்தீவு
8.11.1943

மதிப்புக்குரிய இராசாத்தி அம்மா அவர்களுக்கு,

நான் உங்களை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஐந்து வருடங்களுக்கு முன் உங்கள் கணவர் நல்லரத்தினம் அவர்கள் இந்த வாவிக்கரை வீட்டின் திறப்பை எங்களிடம் தந்தபோது, நீங்கள் படலைக்கு வெளியே மாட்டு வண்டிக்குள் இருந்தீர்கள். இறங்கவில்லை. அது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. இது உங்கள் தாயார் உங்களுக்குச் சீதனமாக எழுதித் தந்த வீடு என்று பிறகுதான் தெரிந்தது. தன் வீட்டுத் திறப்பு இன்னொருத்தியின் கைக்குப் போவதைப் பார்க்க யாருக்குத்தான் மனம் வரும்?

போன கிழமை உங்கள் கணவர் வந்தார். இந்த மாதம் முடியமுன் வீட்டை விட்டு எழும்ப வேண்டும் என்றார். காரணம் கேட்டேன்.

"என்ட பெண்சாதி புள்ளப்பேறுக்குத் தாய் வீட்டுக்கு வரப் போறா. அவட வீடு அவக்கு வேணும்."

பிள்ளை பெறத் தன் வீட்டுக்கு வருகிறவளை நான் எப்படி மறிப்பேன்? அன்றைக்கே சாமான்களைக் கட்ட ஆரம்பித்தேன். ஆனால் அடுத்த நாள் அவர் இன்னொருவரைக் கூட்டி வந்தார். பட்டாளத்துக்கு மரமும் கல்லும் கொடுக்கும் ஒப்பந்தக்காரராம். அந்த மனிதர் அறை அறையாக எட்டிப் பார்த்து, நான் சமைக்கும் குசினிச் சுவரை இடித்தால் லொறிச் சாமான்களை உள்ளே அடுக்கலாம் என்று சொன்னது என் காதில் விழுந்தது. பிள்ளை பெற வருகிறவருக்கு லொறிச் சாமான் எதற்கு அம்மா?

நீங்கள் இங்கே வரப் போவது உண்மையானால், உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள். அதைக் கண்டதும் எழும்பிவிடுவேன். வேறு யாருடைய சொல்லுக்கும் எழும்பமாட்டேன்.

இப்படிக்கு,
அன்னப்பூரணி கனகசிங்கம்


தேற்றாத்தீவு
17.11.1943

அன்னப்பூரணி அவர்களுக்கு,

படுத்தபடி எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் குறை நினைக்க வேண்டாம். இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்கவில்லை. இந்தப் பிள்ளை பிறக்கும்வரை காலை நிலத்தில் ஊன்றக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

என் கணவர் சொன்னதை நம்பாமல் என்னிடம் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் வருவதைப் பற்றி அவர் என்னோடு இன்னும் பேசவில்லை என்பது உண்மைதான். அதற்காக அவர் சொன்னது பொய்யாகிவிடாது. ஆண்பிள்ளைகள் செய்து முடித்துவிட்டுத்தான் சொல்வார்கள்.

வளவிலிருந்த மாமரத்தை நீங்கள் தறித்து விறகாக்கிவிட்டதாகவும், சுவரெல்லாம் கரி பிடித்துக் கிடப்பதாகவும் அவர் சொன்னார். என் தாயார் தன் கையால் வெள்ளையடித்த சுவர்கள் அவை. வீடு பாழாவதை நான் படுக்கையில் கிடந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா?

எழுதியதை வாசித்துப் பார்த்தேன். கடுமையாக இருக்கிறது. இருக்கட்டும்.

ஒன்று கேட்கிறேன், விருப்பமானால் பதில் எழுதுங்கள். நடு அறை முகட்டில் காலை வேளையில் வாவியின் வெளிச்சம் இன்னும் ஓடுகிறதா? சிறுவயதில் நான் கண் விழித்ததும் அதைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். தலைக்கு மேலே இன்னொரு வாவி இருக்கிறது, அதன் மீன்கள் நம்மைப் பார்க்கின்றன என்று நினைத்துக்கொள்வேன். இங்கே என் தலைக்கு மேல் பின்னிய தென்னோலைக் கிடுகுதான்.

இராசாத்தி


புளியந்தீவு
25.11.1943

இராசாத்தி அம்மாவுக்கு,

ஓடுகிறது. இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. வெயில் ஏறும்போது முகட்டின் கிழக்கு மூலையில் நூல் நூலாகத் தொடங்குகிறது. தோணி ஏதாவது கரையோரமாகப் போனால் முழு முகடும் குலுங்கி, பிறகு மெதுவாக அடங்குகிறது. நான் தையல் மெசினை அந்த அறையில்தான் வைத்திருக்கிறேன். சில காலைகளில் துணியைத் தைக்கிறேனா, வெளிச்சத்தைத் தைக்கிறேனா என்று எனக்கே தெரிவதில்லை.

மாமரம் நிற்கிறது. இந்த வருடம் நிறையப் பூத்திருக்கிறது. சுவரில் கரி இல்லை. படுக்கையில் கிடக்கிறவருக்கு இதையெல்லாம் எப்படி நிரூபிப்பேன்? ஒரு மாம்பூக் கொத்தைக் கடித உறைக்குள் வைக்கிறேன். வந்து சேரும்போது உதிர்ந்திருக்கும்.

நான் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டு கிடக்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். என் கணவர் மலாயா ரயில்வேயில் வேலை கிடைத்து நாற்பதாம் ஆண்டு போனார். வீடு பார்த்துவிட்டு என்னையும் எடுப்பதாகச் சொன்னார். அதற்குள் யப்பான்காரர் வந்துவிட்டார்கள். சிங்கப்பூர் விழமுன் வந்த கடிதம்தான் கடைசி. இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல ஒருவரும் இல்லை. அவருக்குத் தெரிந்த இடம் இந்த வீடு ஒன்றுதான். கனவில் அவர் தண்ணீரின் மேல் போட்ட ரயில் பாதையில் நடந்து வருகிறார். மெதுவாக, சிலிப்பர் கட்டைகளை எண்ணி எண்ணிக் கால் வைத்து வருகிறார். படலை வந்ததும் நான் விழித்துவிடுகிறேன். படலையில் வேறு யாராவது நின்றால் அவர் திரும்பிப் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

நேற்று நீதிமன்றத்தில் வழக்குப் பேசும் பிறக்கிராசி ஒருவரிடம் போனேன். என் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "போன வருசம் வாடகைச் சட்டம் எண்டு ஒண்டு வந்திருக்கு, அம்மா. வீட்டுக்காரர் எழும்பு எண்டு சொன்ன உடனே நீங்க எழும்பத் தேவையில்ல. தான் இருக்கிறதுக்கு அந்த வீடு மெய்யாத் தேவை எண்டு அவர் கோட்டில காட்டோணும். கோட்டு உத்தரவு இல்லாம ஆரும் உங்கள வெளியால போடேலா."

மெய்யாக என்ற அந்தச் சொல் உங்களிடம்தான் இருக்கிறது.

அன்னப்பூரணி


தேற்றாத்தீவு
6.12.1943

அன்னப்பூரணி அக்காவுக்கு,

மாம்பூ உதிர்ந்துதான் வந்தது. ஆனாலும் உறையைத் திறந்தபோது மணம் இருந்தது. தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அன்றைக்கே ஒரு கனவு கண்டேன். நான் என் வீட்டுக்குள் நடக்கிறேன். நிலம் குளிர்ந்து கிடக்கிறது. நடு அறையில் ஒரு பெண் முதுகைக் காட்டி இருந்து தைக்கிறாள். கூப்பிட்டால் திரும்பிவிடுவாள். திரும்பினால் நான் எழும்பிவிடுவேன் என்று எனக்குத் தெரிகிறது. அதனால் கூப்பிடாமல் கதவடியில் நின்றேன். அவ்வளவுதான் கனவு. அது நீங்களாக இருக்க வேண்டும்.

நேற்று அவரிடம் கேட்டேன். என்னை உண்மையில் அங்கே கூட்டிப்போகப் போகிறாரா என்று.

"நீ பேசாமப் படு. வீட்டு விசயம் நான் பாக்கிறன்" என்றார்.

"ஒப்பந்தக்காரர் ஒருத்தர் வந்து பாத்தாராமே?"

"உனக்கு ஆரு சொன்ன?"

நான் சொல்லவில்லை. உங்கள் கடிதங்களை அவருடைய தாயார், என் மாமி, வாங்கி வைத்திருந்து, அவர் இல்லாத நேரம் தருகிறார். சீதேவிப்பிள்ளை மாமி அதிகம் பேசமாட்டார். ஏன் தருகிறார் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

அக்கா, நான் உங்களுக்கு உண்மை சொல்ல வேண்டும். எனக்கு அந்த வீட்டில் பிள்ளை பெற ஆசை இருக்கிறது. அந்த முகட்டு வெளிச்சத்தின் கீழ் கிடந்தால் இந்தப் பிள்ளை தங்கிவிடும் என்று ஒரு எண்ணம். அவர் சொன்னது உண்மையாகிவிடட்டும் என்று சில நேரம் வேண்டிக்கொள்கிறேன். உண்மையானால் உங்களை எழுப்பிவிட்டல்லவா வர வேண்டும்? உங்கள் கணவர் நடந்து வரும்போது படலையில் நிற்கப் போகிறவள் நானல்லவா?

நீங்கள் கேட்ட ஒரு வரியை எழுத என்னால் முடியவில்லை. வரப் போவதாகவும் எழுத முடியவில்லை, வரவில்லை என்றும் எழுத முடியவில்லை.

இராசாத்தி


புளியந்தீவு
20.12.1943

இராசாத்தி அம்மாவுக்கு,

நீங்கள் உங்கள் வரியை யோசித்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் கணவர் யோசிக்கவில்லை.

காலையில் ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். கூரை திருத்த வந்தோம் என்றார்கள். மார்கழி மழையில் யார் கூரை திருத்துவார்? நான் கேட்கக் கேட்க, நடு அறைக்கு மேலே இருந்த ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். உங்கள் கணவர் மதிலோரமாகக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்து, "எழும்பினா உங்களுக்கு நல்லது. நனைஞ்சு வருத்தம் வந்தா நான் பொறுப்பில்ல" என்று மிகவும் அன்பாகச் சொன்னார். அந்த அன்புதான் எனக்குப் பயமாக இருந்தது.

மத்தியானம் மழை இறங்கியது. மெசினைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனேன். நடு அறையில் கணுக்கால் மறையத் தண்ணீர். எழும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன், அம்மா. பெட்டியைக் கட்டிவிட்டேன்.

அப்போது நான் அண்ணன்போல் நினைக்கும் அசனார் காக்கா வந்தார். காத்தான்குடி ஆள். கரையில் தோணி கட்டுகிறவர். என்னிடம் சட்டை தைக்கத் தருவார். முகட்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"எங்க போகப் போறீங்க, தங்கச்சி?"

"தெரியா."

"அப்ப ஏன் போறீங்க? பழைய பாய்ச்சீலை ஒண்டு என்ட தோணியில கிடக்கு. காத்துக்கும் மழைக்கும் பழகின சீலை. இருங்க, வாறன்."

அவரும் மகன்மாரும் ஏறி, தோணிப் பாயை வீட்டின் மேல் விரித்துக் கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள். இப்போது அதன் கீழ் இருந்துதான் எழுதுகிறேன். காற்று எழும்பும்போது சீலை புடைத்துக்கொண்டு, சுவர்கள் முனகுகின்றன. கண்ணை மூடினால் வீடு கரையை விட்டு மெல்ல விலகிப் போவதுபோல் இருக்கிறது. எந்தப் பக்கம் போகிறது என்று தெரியவில்லை. கிழக்கே போனால் நல்லது.

பிறக்கிராசி கோட்டில் முறைப்பாடு வைத்துவிட்டார். உங்கள் கணவரும் வழக்குப் போட்டிருக்கிறார். உங்களுக்கு வீடு தேவை என்பதுதான் அவர் வழக்கு.

இனி என்னை அக்கா என்று எழுத வேண்டாம்.

அன்னப்பூரணி


தேற்றாத்தீவு
4.1.1944

அக்காவுக்கு,

அப்படித்தான் எழுதுவேன்.

கடிதத்தை வாசித்துவிட்டு அவரைக் கேட்டேன். ஓடு பழுதாகிக் கிடந்தது, மாற்றக் கொடுத்திருக்கிறேன் என்றார். நம்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தேன்.

முந்தநாள் ஒப்பந்தக்காரர் இங்கே வந்தார். ஒரு தகரம் பிஸ்கட்டும் பால் பேணிகளும் கொண்டு வந்தார். நான் படுத்திருந்த அறை வாசலில் நின்று தொப்பியைக் கழற்றி, "உங்கட வீட்டத் தந்ததுக்குப் பெரிய உபகாரம், அம்மா. தை முடியமுன் எங்கட ஆக்கள் வந்திடுவாங்க" என்றார்.

"நான் தரல்லியே" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே என் கணவரைப் பார்த்தார். என் கணவர் சுவரைப் பார்த்தார். எனக்கு அது போதுமாக இருந்தது, அக்கா. வயிற்றுக்குள் பிள்ளை ஒரு தடவை புரண்டது. யாரோ தூக்கத்தில் என்னைத் தட்டி எழுப்பியதுபோல் இருந்தது.

இதோ, நீங்கள் கேட்ட வரி. புளியந்தீவு வீட்டுக்கு வரப் போவதாக நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்காக உங்களை எழுப்பும்படி நான் யாரையும் கேட்கவில்லை.

கடிதம் கோட்டுக்குப் போதாது என்றால், சத்தியக் கடதாசி முடிக்கிறவரைப் பிறக்கிராசியோடு இங்கே அனுப்புங்கள். என்னால் எழும்ப முடியாது, ஆனால் கையெழுத்து வைக்க முடியும். மாமியிடம் இதைச் சொன்னேன். ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "வரச் சொல்லுகா. இது என்ட தாய் எனக்குத் தந்த வீடு. இதுக்குள்ள ஆர் வாற, ஆர் போற எண்டு என்ட மகன் சொல்லேலா, நான்தான் சொல்லுவன்."

அந்தப் பாய்ச்சீலையின் கீழ் நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள்? எனக்குத் தூக்கமே இல்லை. கண்ணை மூடினால் கிடுகெல்லாம் சீலையாகிறது.

இராசாத்தி


புளியந்தீவு
23.2.1944

அன்புள்ள தங்கச்சி இராசாத்திக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. எழும்பத் தேவையில்லை.

உங்கள் சத்தியக் கடதாசியைப் பிறக்கிராசி கோட்டில் வாசித்தார். உங்கள் பெயர் அந்தப் பெரிய மண்டபத்தில் ஒலித்தபோது, நீங்களே கட்டிலோடு அங்கே வந்து கிடப்பதுபோல் எனக்குத் தோன்றியது. நீதவான் உங்கள் கணவரைப் பார்த்து, "வீட்டுச் சொந்தக்காரி தனக்கு வீடு தேவையில்லை என்கிறாள். அப்படியானால் தேவை யாருக்கு?" என்று கேட்டார். ஓடுகளைத் திரும்பப் போட்டுக் கொடுக்க வேண்டும், வீட்டுக்குள் யாரும் கால் வைக்கக்கூடாது என்று உத்தரவு. உங்கள் கணவர் வெளியே போகும்போது என்னைக் கடந்துதான் போனார். முகம் வெளிறியிருந்தது. அந்த மனிதர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. உங்களை என்ன பாடுபடுத்துகிறார்களோ என்றுதான்.

பிறக்கிராசி தேற்றாத்தீவுப் பயணத்தைக் கதைகதையாகச் சொன்னார். உங்கள் மாமி படலையைத் திறந்து வைத்துக்கொண்டு இளநீரோடு நின்றாராமே?

நேற்று ஓடு போட்டார்கள். அசனார் காக்கா பாயை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். இப்போது வீடு அசையாமல் நிற்கிறது. நிலைத்து நிற்க வேண்டும் என்றுதானே இவ்வளவு காலமும் போராடினேன்? ஆனாலும் காற்றடிக்கும் நேரங்களில் காதைக் கொடுத்துக் கேட்கிறேன்.

பிள்ளை எப்போது?

அன்னமக்கா


புளியந்தீவு
18.4.1944

தங்கச்சி,

உங்கள் கடிதம் வரவில்லை. தபால்காரர் படலையைத் தாண்டிப் போகிறார். பிள்ளை சுகமா? நீங்கள் சுகமா? மாமியையாவது ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாவிட்டால் வெறும் கடதாசியை மடித்து அனுப்பச் சொல்லுங்கள். கண்டால் போதும்.

அன்னமக்கா


தேற்றாத்தீவு
30.5.1944

அன்னமக்காவுக்கு,

பெண் பிள்ளை. பங்குனியில் பிறந்தாள். தங்கிவிட்டாள், அக்கா. தலை நிறைய மயிர். எப்போதும் முகட்டைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள்.

காய்ச்சல் வந்து நீண்ட நாள் நினைவில்லாமல் கிடந்தேன். அதனால்தான் எழுதவில்லை. நினைவு தெளிந்தபோது நிலத்தில் கால் வைத்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நிலம் எப்படி இருக்கும் என்று மறந்தே போயிருந்தேன்.

என் கணவர் கோபமாகப் பேசவில்லை. பேசாமலே இருந்தார். பிள்ளையைத் தூக்கினார், கொஞ்சினார். அதற்குப் பிறகு ஒரு உறுதிக் கடதாசியைக் கொண்டு வந்தார். புளியந்தீவு வீட்டை அவர் பேருக்கு மாற்றி எழுதியது.

"ஒரு கையெழுத்துத்தானே, இராசாத்தி. உனக்கு இந்தக் கோடு கச்சேரித் தொல்லை ஏன்?"

"இந்தப் புள்ளைக்கு அப்ப என்னத்தக் குடுக்கிற?"

"எனக்குக் குடுத்தா அவளுக்குக் குடுத்த மாதிரித்தானே."

ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கடதாசியைப் பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். நான் கையெழுத்து வைக்கும்வரை வைத்துக்கொண்டே இருப்பார். எனக்கு அவரைத் தெரியும். எனக்கு என்னையும் தெரியும். ஒருநாள் களைத்துப்போய் வைத்துவிடுவேன்.

மாமி சொன்னார்: "உனக்கு வீடு இருக்குகா. அங்க போ. இங்க இருந்தா அவன் உன்னைக் கரைச்சிடுவான்."

அக்கா, இதை எழுதக் கை கூசுகிறது. எனக்கு வீடு தேவையில்லை என்று சத்தியம் செய்தவள் நான். இப்போது மெய்யாகத் தேவைப்படுகிறது. என் பெயரில் நானே கோட்டுக்குப் போனால், சட்டம் எனக்கு ஓம் சொல்லும் என்று நினைக்கிறேன். போகமாட்டேன். உங்களை எழுப்பிவிட்டு நான் அங்கே படுத்தால் அந்த வெளிச்சம் என்னைப் பார்க்காது.

நான் கேட்பது இதுதான். ஒரு அறையில் நானும் பிள்ளையும் இருக்கலாமா? ஏலாது என்றால் ஏலாது என்று எழுதுங்கள். அப்போதும் நீங்கள் என் அக்காதான்.

இராசாத்தி


புளியந்தீவு
12.6.1944

இராசாத்தி,

உன் கடிதம் வந்து ஒரு கிழமைக்கு மேலாகிறது. உடனே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவும் பட்டு நான் காத்த இடத்துக்குள் நீ வரப் பார்க்கிறாய் என்று கோபம். பிறகு பயம். பிறக்கிராசியிடம் ஓடினேன். "அவ தனக்குத் தேவை எண்டு வந்தா, சட்டம் அவ பக்கம் சாயும், அம்மா" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குள்ளேயே உன்னோடு சண்டை பிடித்தேன். வீட்டுக்குள் வந்து கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். ஒவ்வொரு அறையாகப் பார்த்தேன். எந்த அறையைக் கொடுப்பது? எல்லா அறையிலும் அவருக்காக ஏதோ ஒன்றை வைத்திருக்கிறேன். கதிரை ஒன்று, செருப்பு ஒரு சோடி.

அடுத்த நாள் மெசினில் இருந்தேன். பின்னால் யாரோ கதவடியில் நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. அப்போதுதான் விளங்கியது. நீ நோட்டீசு அனுப்பவில்லை, ஆட்களை ஏணியோடு அனுப்பவில்லை. உன் சொந்த வீட்டுக்கு வருவதற்கு என்னிடம் கேட்டிருக்கிறாய். என் வாழ்நாளில் என்னிடம் ஒருவரும் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

நடு அறை உனக்கும் பிள்ளைக்கும். நான் தெருப்பக்க அறைக்கு மாறிவிட்டேன். அங்கிருந்தால் படலை தெரியும்.

வாடகை வழமைபோல் தருவேன், ஆனால் இனி உன் கையில் தருவேன். குசினி இருவருக்கும். நான் விடியவே எழும்பிப் பாடுகிற பழக்கம் உள்ளவள், நல்ல குரல் இல்லை. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை அசனார் காக்கா தோணியோடு வருவார். உன் மாமி வீட்டுக்குப் பின்னால் உள்ள துறையில் நில். பிள்ளைக்குத் தலையை மூடு, வாவியில் காற்றிருக்கும்.

அன்னமக்கா


புளியந்தீவு
28.10.1945

அன்னமக்காவுக்கு,

மலாயாவிலிருந்து திரும்புகிறவர்களைப் பார்க்க நீங்கள் கொழும்புக்குப் போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. சின்னவள் தெருப்பக்க அறைக் கதவைத் தட்டித் தட்டி "அன்னா, அன்னா" என்கிறாள். மலாயாக் கப்பல் வந்ததா? இறங்குகிறவர்கள் எல்லோருடைய முகத்தையும் பார்க்க விடுகிறார்களா? நான் எதுவும் கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன், கேட்டுவிட்டேன்.

நேற்றுப் பின்னேரம் என் கணவர் வந்தார். யுத்தம் முடிந்ததும் ஒப்பந்தக்காரர் சொல்லாமல் ஊரை விட்டுப் போய்விட்டாராம். அவருக்காக இவர் இறக்கிய மரமெல்லாம் கரையில் கிடந்து உக்குகிறது. மெலிந்து போயிருக்கிறார். படலைக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை, நானும் வாருங்கள் என்று சொல்லவில்லை. சின்னவள் ஓடிப்போய்ப் படலைக் கம்புக்குள்ளால் அவருடைய விரலைப் பிடித்தாள்.

"இராசாத்தி, நான் இனி இங்கயே இருந்திடட்டா?"

"இந்த வீட்டில குடியிருக்கிற ஒரு ஆள் இருக்கா. அவவைக் கேக்காம நான் சொல்லேலா."

"வீடு உன்ட தானே?"

"வீடு என்ட. குடியிருப்பு அவட."

கோபிப்பார் என்று நினைத்தேன். "அப்ப கேட்டு எழுது" என்று சொல்லிவிட்டு, சின்னவளின் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு போனார். எனக்கு அவர் வேண்டுமா வேண்டாமா என்று தெரியவில்லை, அக்கா. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன் என்றும் சொல்லலாம்.

இராசாத்தி


கொட்டாஞ்சேனை, கொழும்பு
6.11.1945

என் இராசாத்திக்கு,

அவர் வந்துவிட்டார்.

கப்பலிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். நான் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைக் கடந்து போய், திரும்பி வந்து, என் முன்னால் நின்றார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. மயிர் முழுக்க நரைத்துவிட்டது. "அன்னம்" என்றார். அந்தக் குரலைத்தான் பிடித்துக்கொண்டேன்.

சியாம் காட்டுக்குள் ரயில் பாதை போட யப்பான்காரர் அவரைக் கொண்டு போயிருக்கிறார்கள். அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நான் கேட்பதுமில்லை. நாங்கள் தங்கியிருக்கும் சத்திரத்தில் கூரையின் கீழ் படுக்கமாட்டார், முற்றத்தில் பாயைப் போட்டுப் படுக்கிறார். நான் பக்கத்தில் இருக்கிறேன். கண் திறக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொள்கிறார். கனவுக்குள் நான் இருக்கிறேனா, வெளியே இருக்கிறேனா என்று பார்க்கிறார்போல.

நேற்று நான் உன்னைப் பற்றிச் சொன்னேன். கூரை கழற்றியது, கோட்டு, சின்னவள், எல்லாம் சொன்னேன். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில், "அப்ப எங்களுக்குப் போறதுக்கு ஒரு இடம் இருக்கு" என்றார். ஓம் என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் சரியாகத் தூங்கினார்.

உன் கணவர் விஷயம். அவர் பகலில் வரட்டும், பிள்ளையோடு விளையாடட்டும், தேத்தண்ணி குடிக்கட்டும், பொழுதுபடமுன் தாய் வீட்டுக்குத் திரும்பிப் போகட்டும். ஒரு வருடம் அப்படிப் பார்ப்போம். குடியிருப்பவள் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பெண்சாதி சொல்ல வேண்டியதை நீதான் சொல்ல வேண்டும். அதற்கு அவசரப்படாதே. உன்னை ஒருவரும் நெருக்க இடமில்லை.

நாங்கள் வியாழக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்குவோம். ஸ்டேசனுக்கு வராதே, சின்னவளுக்குப் பனி பிடிக்கும். சோறு ஆக்கும்போது இரண்டு சிறங்கை அரிசி கூடப் போடு. அவர் இப்போது சாப்பிடுவது குறைவு. எனக்குத்தான் நல்ல பசி.

அன்னமக்கா